தளவானூர் தடுப்பணையை ஊரார் கட்டவில்லை

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ தண்ணீரைப் பற்றி நாலு பேர் கூடிப் பேசினால், அங்கே ஒரு வாதம் தவறாமல் தலைதூக்குகிறது. பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அதைத் தொடங்குவார். பெரிய திட்டங்களை விரும்பும் அரசியல்வாதி ஆமோதிப்பார். படித்த நகரவாசிகள் தலையாட்டுவார்கள். மாநில அளவில் நீரைத் திட்டமிடுவது நிபுணர்களின் வேலை, அதில் கிராமத்து மக்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை என்பதுதான் அந்த வாதம். ஏரிகளை ஆக்கிரமித்தவர்களே அவர்கள்தான்; ஊரார் சேர்ந்து ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்தில் அவர்களைச் சேர்த்துப் பார்த்தும் தோற்றாயிற்று; அவர்களிடம் விட்டால் சாதி பார்த்துத்தான் மதகைத் திறப்பார்கள்; ஆகவே அணை, நதி இணைப்பு, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஆகியவற்றை அரசும் பொறியாளர்களும் முடிவு செய்யட்டும் என்கிறார்கள்.

வெறும் மேடைப் பேச்சு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இந்த நம்பிக்கையின் மேல்தான் அரசாணைகள் எழுதப்படுகின்றன, கோடிக்கணக்கில் பணம் ஒதுக்கப்படுகிறது. எனவே ஒவ்வொரு கூற்றையும் எடுத்து, இந்த மாவட்டத்தில் நடந்ததோடு வைத்து உரைத்துப் பார்ப்போம்.

முதலில், நிபுணர்களிடம் விட்டால் எல்லாம் சரியாக நடக்கும் என்ற கூற்று. தென்பெண்ணை ஆற்றில் தளவானூருக்கும் எனதிரிமங்கலத்துக்கும் நடுவே சுமார் 25 கோடி ரூபாய் செலவில் ஒரு தடுப்பணை கட்டினார்கள். இக்கரை விழுப்புரம் மாவட்டம், அக்கரை கடலூர் மாவட்டம். 2020-இல் பயன்பாட்டுக்கு வந்தது. 2021 ஜனவரி 23 அன்று எனதிரிமங்கலம் பக்கத்தில் சுவர் இடிந்து, தேக்கிய தண்ணீர் வீணாக ஓடியது. பணி முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் மிச்சமிருந்ததும் சிதைந்தது. கரை அரிப்பைத் தடுக்க, கட்டிய பொதுப்பணித் துறையே அணையின் பகுதிகளை வெடிவைத்துத் தகர்க்க வேண்டி வந்தது. அதே ஆற்றில் 1950-இல் கட்டிய எல்லீஸ்சத்திரம் அணைக்கட்டு எழுபது ஆண்டு வெள்ளங்களைத் தாங்கிவிட்டு அந்த நவம்பரில் உடைந்தது. தளவானூர் அணை ஒரு முழு ஆண்டைத் தாண்டவில்லை.

இந்த அணையை ஊரார் கட்டவில்லை. இடம் பார்த்தது துறை. மதிப்பீடு போட்டது, ஒப்பந்தப்புள்ளி கோரியது, வேலையை மேற்பார்த்தது, அளவெடுத்துப் பில் பாஸ் செய்தது எல்லாம் துறை. இந்த நடைமுறையின் எந்தக் கட்டத்திலும் தளவானூர் கிராம சபையின் ஒப்புதல் தேவைப்படவில்லை. எனதிரிமங்கலம் கிராம சபையின் ஒப்புதலும் தேவைப்படவில்லை. நிபுணர்களிடம் மட்டும் விட்டுவிடச் சொல்கிறவர்கள் கேட்கும் ஏற்பாடு அங்கே முழுமையாக இருந்தது. அதன் விளைவை இரு கரை மக்களும் கண்ணால் பார்த்தார்கள்.

பெருவெள்ளத்தில் ஆறு எந்தக் கரையை முட்டும், எங்கே அரிக்கும், மணல் அள்ளிய பிறகு படுகை எவ்வளவு இறங்கியது என்பதெல்லாம் ஆற்றோரம் பயிர் வைப்பவருக்கும் மாடு மேய்ப்பவருக்கும் அத்துபடி. அந்த அனுபவத்தை அளந்து கணக்காக்கி, கான்கிரீட்டில் கொண்டுவரத் தெரிந்தவர் பொறியாளர். பொறியாளரே வேண்டாம் என்று எந்த விவசாயியும் சொன்னதில்லை. கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில் பொறியியலும் கெட்டுப்போகும் என்பதைத்தான் தளவானூர் காட்டியது.

இரண்டாவது, மக்கள்தான் ஆக்கிரமிப்பாளர்கள் என்ற குற்றச்சாட்டு. வரத்து வாய்க்காலை மடக்கி நெல் நட்டவர்கள் உண்டு. ஏரிக்குள் வீடு கட்டிக் குடியேறியவர்கள் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் விழுப்புரம் புதிய பேருந்து நிலையம் எங்கே எழுந்தது? பூந்தோட்டம் ஏரிப் பகுதியில். மழை வலுத்தால் பேருந்துகள் தண்ணீருக்குள் நிற்பதும் பயணிகள் முழங்கால் நனைய நடப்பதும் இந்த ஊரில் எல்லோரும் அறிந்தது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது குடிசை போட வந்த கூலித் தொழிலாளியா? மதுரையில் உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாய்ப் பரப்பில்தான் நிற்கிறது. ஏழை எடுத்துக்கொண்டால் ஆக்கிரமிப்பு, அரசு எடுத்துக்கொண்டால் வளர்ச்சி என்று பெயர் சூட்டிவிட்டு, பழியை மட்டும் ஏழையின் தலையில் கட்டுவது அநியாயம்.

திண்டிவனத்துக்கு வாருங்கள். கிடங்கல் சங்க காலத்திலேயே பெயர் பெற்ற ஊர். ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனின் ஊராகச் சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் கிடங்கில் இதுவே. இன்று அந்தக் கிடங்கல் ஏரியில் நகரத்தின் கழிவுநீர் கலக்கிறது. கழிவுநீரை எங்கே விடுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் ஏரியோரம் குடியிருப்பவர்களிடம் என்றைக்கும் இருந்ததில்லை.

சட்டத்தையும் பாருங்கள். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தமிழ்நாடு அரசு 2007-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அது பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் இருந்த ஏரிகளுக்கானது. மாநிலத்தில் சுமார் 39,000 ஏரிகள் என்பது அரசின் கணக்கு. அவற்றில் ஏறத்தாழ 14,000 மட்டுமே அந்தத் துறையிடம் இருந்தவை. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள சின்ன ஏரிகள் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. மேல் ஏரி ஒரு துறை, அதன் கலங்கல் வழிந்து நிரம்பும் கீழ் ஏரி வேறொரு துறை, நடுவில் ஓடும் வாய்க்கால் வருவாய்த் துறையின் புறம்போக்கு. ஒரே நீர்ச்சங்கிலியை மூன்று அலுவலகங்களுக்குப் பிரித்துக் கொடுத்ததும் நிபுணர்களின் திட்டமிடல்தான்.

மூன்றாவது கூற்றில்தான் அவர்கள் மிகவும் உறுதியாக இருக்கிறார்கள். மக்கள் பங்கேற்பைச் சோதித்துப் பார்த்தாயிற்று, தோற்றுவிட்டது என்கிறார்கள். எங்கே சோதித்தார்கள்?

ஊரார் ஏரியைப் பராமரித்த காலத்தில் ஏரியின் மீனும் கரை மரமும் வண்டலும் ஊரின் பொதுவுக்குச் சேர்ந்தன. எப்போது மதகு திறப்பது, எந்தக் கழனிக்கு முதல் தண்ணீர் என்பதை ஊர் முடிவு செய்தது. ஆங்கில ஆட்சி வருமானத்தையும் அதிகாரத்தையும் தன் கைக்கு எடுத்துக்கொண்டு, மண் சுமக்கும் வேலையை மட்டும் ஊர்மேல் விட்டுவைத்தது. ஊர் ஒதுங்கியது. உடனே 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு, வேலைக்கு வராதவருக்குத் தண்டம் என்றார்கள். அதிகாரம் பறிபோனவர்கள் ஆர்வம் காட்டவில்லை என்று குற்றம் சாட்டும் வழக்கம் அன்றைக்கே தொடங்கிவிட்டது. இன்று இந்த வாதத்தை எழுப்புகிறவர்கள் அதே வழக்கத்தைத்தான் தொடர்கிறார்கள்.

விடுதலைக்குப் பிறகும் அடிப்படை மாறவில்லை. 2000-ஆம் ஆண்டில் விவசாயிகள் பாசன அமைப்புகளை நிர்வகிக்கும் சட்டம் வந்தது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் உருவாயின. பெயரில் நிர்வாகம் இருந்தது. நிதியும் மதிப்பீடும் துறையிடமே இருந்தன. 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் அத்தனை மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தார்கள். அந்த மார்ச் மாதம் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே புதிய திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். செலவில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் உழைப்பாகவோ பொருளாகவோ தர வேண்டும் என்பது விதி. 2019–20-இல் 1,829 பணிகளுக்குச் சுமார் 500 கோடி ரூபாய். பல ஊர்களில் சங்கத்தின் பெயரில் ஒப்பந்ததாரரே வேலை செய்துவிட்டுப் போனார் என்ற புகார்கள் எழுந்தன.

அந்தத் திட்டம் நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு, திண்டிவனம் பக்கத்தில் நான் நின்று பார்த்த ஓர் ஏரிக்கரை சாட்சி. கரை புது மண் கொட்டி உயர்த்தப்பட்டிருந்தது. மதகின் இரும்புத் திருகுக்குப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். மதிப்பீட்டுத் தொகை எழுதிய பலகை பளிச்சென்று நின்றது. வரத்து வாய்க்காலைத் தேடிப் போனால், சீமைக் கருவேலம் மண்டிய ஒரு பள்ளமும், அதன் குறுக்கே வீட்டுமனைக்காகப் போட்ட சாலையும், சாலைக்கு அடியில் ஒற்றைச் சிமெண்டுக் குழாயும் இருந்தன. அந்தக் குழாயும் பாதி மண். உடன் வந்த முதிய விவசாயி சொன்னார்: “தண்ணி வர வழிய யாரும் தொடலங்க. வராத தண்ணிக்கு இம்மாம் ஒசரக் கரை எதுக்கு? சங்கத்துல எங்கிட்ட கையெழுத்துதான் கேட்டாங்க, யோசனை கேக்கல.”

அவரிடம் யோசனை கேட்டிருந்தால் முதலில் வாய்க்காலைத் தூர்வாரியிருப்பார்கள். அந்த ஏரியில் தோற்றது, கையெழுத்து வாங்கிக்கொண்டு வாயை மூடச் சொன்ன முறை. அதற்கு மக்கள் பங்கேற்பு என்று பெயர் வைத்துவிட்டு, பங்கேற்பு தோற்றது என்று தீர்ப்பு எழுதுவது பொய்க்கணக்கு.

சாதி பற்றிய நான்காவது கூற்றை மதித்துப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. ஊர் என்பது சாதியாகப் பிளந்து கிடக்கிறது. பழைய ஏரி நிர்வாகத்தில் மதகடியில் இறங்கி மடை அடைத்தவர்களும், இரவில் கரை காத்தவர்களும், மண் சுமந்தவர்களும் பெரும்பாலும் நிலமில்லாத தலித் மக்கள். அவர்களுக்குக் கிடைத்தது களத்து மேட்டில் அளந்து போட்ட கூலி நெல். முடிவெடுக்கும் இடத்தில் அவர்களுக்கு இடமில்லை. பெண்களுக்கும் இடமில்லை. அந்தப் பழைய ஏற்பாட்டை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று யாராவது கேட்டால், முதலில் எதிர்ப்பவன் நானாகத்தான் இருப்பேன்.

ஆனால் இதைக் காரணம் காட்டி எல்லா அதிகாரத்தையும் துறைக்கே கொடுக்கச் சொல்கிறவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். துறையும் ஒப்பந்ததாரரும் சேர்ந்து முடிவெடுத்த இத்தனை ஆண்டுகளில் தலித் குடியிருப்பின் கிணற்றுக்கு என்ன முன்னுரிமை கிடைத்தது? நிலம் வைத்திருப்பவரின் குரலை மட்டுமே கேட்கும் சங்கம் குறுகலானது என்றால், அதை விரிக்க வேண்டும். அதற்கான மன்றம் ஏற்கெனவே இருக்கிறது. கிராம சபையில் ஊராட்சியின் வாக்காளர் ஒவ்வொருவரும் உறுப்பினர். பட்டா இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் சட்டப்படி உறுதி; தலித் மக்களுக்குத் தனி இடஒதுக்கீடு உண்டு. ஏரி பற்றிய முடிவு ஆயக்கட்டுதாரர் சங்கத்தோடு நின்றுவிடாமல் கிராம சபைக்கு வந்தால், மீன் குத்தகைப் பணம் யாருக்கு, குடிநீர்க் கிணற்றுக்காக ஏரியில் எவ்வளவு தண்ணீரை நிறுத்திவைப்பது என்ற கேள்விகளும் கூடவே வரும். சாதியை வெல்லும் வழி ஜனநாயகத்தை ஆழப்படுத்துவது. அதிகாரத்தைப் பூட்டிய அறைக்குள் கொண்டுபோனால் சாதியும் கூடவே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

கடைசியாக, பெரிய திட்டங்களே போதும் என்ற நம்பிக்கை. 2024 ஃபெஞ்சல் புயலின்போது, டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் இந்த மாவட்டத்தின் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை என்றால் 51 கோடி லிட்டர். நெம்மேலியில் 2013-இல் திறந்த கடல்நீர் ஆலையின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அந்த ஆலை ஐந்து நாள் இடைவிடாமல் ஓடித் தரும் தண்ணீர், மயிலத்தில் ஒரே ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரே நாளில் விழுந்தது. 605 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள வீடூர் அணையை வெறுமையிலிருந்து நிரப்ப, அந்த மழை பெய்த நிலத்தில் 34 சதுர கிலோமீட்டர் போதும். அத்தனையையும் பிடித்துவைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெரிய ஏரிகளும் அவற்றோடு எண்ணற்ற சிற்றேரிகளும் உள்ள மாவட்டத்தில் அந்தத் தண்ணீர் வீடுகளுக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் புகுந்தது. அடுத்த கோடையில் ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழமாக்கச் சொல்லும் நிலைக்கு ஊர்கள் திரும்பின. விலை உயர்ந்த நீரைக் கடலிலிருந்து வடிக்கும் முன், வானம் இலவசமாகத் தந்ததை எங்கே தவறவிட்டோம் என்று கேட்பதுதான் திட்டமிடலின் முதல் பாடம். அந்தப் பதில் ஒவ்வொரு வாய்க்காலிலும் ஒவ்வொரு கலங்கலிலும் இருக்கிறது. அவற்றை நாள்தோறும் பார்க்கிறவர்கள் ஊரார்.

மக்களுக்குச் சின்ன விஷயம் மட்டும்தான் தெரியும் என்பதும் தவறு. துரிஞ்சலாற்றுத் தண்ணீரைப் பனமலை ஏரிவரை கொண்டுவரும் நந்தன் கால்வாய்க்காகத் தலைமுறைகளாகக் குரல் கொடுப்பவர்கள் விவசாயிகள். இரண்டு மாவட்டங்களை இணைக்கும் அந்தக் கோரிக்கை வயல்வெளியிலிருந்து எழுந்தது. மறுபக்கம், நிலத்தடி நீரை முறைப்படுத்த 2003-இல் ஒரு சட்டத்தை நிறைவேற்றிவிட்டு, 2013-இல் அதை நீக்கியும்விட்டது மாநில அரசு. தொலைநோக்கு யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

மாநிலம் தழுவிய நீர்த்திட்டத்தைக் கீழிருந்து கட்ட முடியாது என்பவர்கள் அமெரிக்காவின் டெக்சாஸைப் பார்க்க வேண்டும். 1996-இன் வறட்சிக்குப் பிறகு, 1997-இல் சட்டம் இயற்றி மாநிலத்தை 16 நீர்த்திட்ட மண்டலங்களாகப் பிரித்தார்கள். விவசாயிகள், நகராட்சிகள், தொழில்துறை, சுற்றுச்சூழல் ஆர்வலர்கள், பொதுமக்கள் ஆகியோரின் பிரதிநிதிகள் அமர்ந்து, யாரும் வந்து கேட்கக்கூடிய கூட்டங்களில் மண்டலத் திட்டத்தை எழுதுகிறார்கள். அவற்றைத் தொகுத்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநிலத் திட்டம் வெளிவருகிறது. அங்கும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். மக்கள் முன்னால் கணக்கை வைக்கிறார்கள். நம்மிடம் 17 ஆற்று வடிநிலங்கள் இருக்கின்றன. அவற்றில் வராக நதி வடிநிலம் விழுப்புரம், திண்டிவனம் பகுதியைத் தழுவிப் புதுச்சேரிவரை போகிறது. இந்த வடிநிலத்துக்கு ஆய்வுகள் உண்டு. மக்கள் உட்கார்ந்து பேசும் மன்றம் மட்டும் இல்லை.

தொலைவில் போக மனமில்லாதவர்கள் பக்கத்து வீட்டைப் பார்க்கலாம். புதுச்சேரியில் 1999 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு 84 ஏரிகளைச் சீரமைத்தபோது, ஏரிச் சங்கங்களில் நிலமில்லாதவர்களையும் பெண்களையும் சேர்த்தார்கள். அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தின் ஏழு வறட்சி மாவட்டங்களில் விவசாயிகளே மழையை அளந்து, கிணற்று நீர்மட்டத்தைக் குறித்து, அந்தக் கணக்கை ஊர் நடுவே எழுதி வைத்து, எந்தப் பயிர் வைக்கலாம் என்று கூடி யோசித்தார்கள். பள்ளிப் படிப்பு முடிக்காதவர்களுக்கும் நீர்க்கணக்கு புரிந்தது. கணக்கைக் காட்டினால் யாருக்கும் புரியும்.

எனவே என் தீர்ப்பு இது. நிபுணர்களிடம் மட்டும் விட்டுவிடுங்கள் என்ற வாதம் அறிவியலின் பெயரைச் சொல்லி, பதில் சொல்லும் பொறுப்பிலிருந்து தப்பிக்கும் வாதம். தமிழ்நாட்டுக்கு நீர்ப் பாதுகாப்பு வேண்டுமென்றால் மூன்றைச் சட்டமாக்க வேண்டும். ஏரி, தடுப்பணை, வாய்க்கால் வேலை எதுவானாலும் மதிப்பீட்டை ஒப்பந்தப்புள்ளிக்கு முன்பே தமிழில் கிராம சபையில் வைத்து ஒப்புதல் பெற வேண்டும். வேலை முடிந்ததும் கிராம சபை நேரில் பார்த்துச் சரி என்று தீர்மானம் போட்ட பிறகே பில் பாஸாக வேண்டும். ஒவ்வொரு வடிநிலத்துக்கும் ஊராட்சிகள், நகராட்சிகள், விவசாயிகள், மீனவர்கள், பெண்கள், தலித் மக்கள் ஆகியோரின் பிரதிநிதிகள் அமரும் மன்றம் வேண்டும். மாநிலத் திட்டம் அந்த மன்றங்களிலிருந்து எழ வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு வாசகரும் அன்று தவறாமல் போய் உட்காருங்கள். உங்கள் ஏரியின் பரப்பு எவ்வளவு, வரத்து வாய்க்கால் எங்கே தொடங்கி எங்கே அடைபட்டிருக்கிறது, கடைசியாக நடந்த வேலைக்கு எவ்வளவு செலவானது என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அதையே தீர்மானமாக எழுதச் சொல்லி, படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.